அறக்கொடைப் பொருளாளர் சேவை: அசலுக்குக் காவல் உண்டு, ஸ்கீமை நீங்கள்தான் எழுத வேண்டும்

பள்ளியில் ஆண்டுதோறும் ஒரு பரிசு, ஆஸ்பத்திரியில் ஏழை நோயாளிக்கு ஒரு படுக்கை, கல்லூரியில் ஓர் உதவித்தொகை. இப்படி ஒரு காரியத்துக்கு மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, அசலில் யாரும் கை வைக்காமல் வட்டியிலேயே அது காலாகாலத்துக்கும் நடக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்காகப் பிரிட்டிஷ் இந்திய அரசு ஒரு சேவையை ஏற்படுத்தியது. 1890ஆம் ஆண்டின் 6ஆம் சட்டமான அறக்கொடைகள் சட்டம் அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. சட்டம் இன்றும் ரத்தாகவில்லை. கொடுக்க முன்வருகிறவர்களில் பலருக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களிலும் பலர், அது செய்யாத வேலையை அதனிடம் எதிர்பார்த்து ஏமாறுகிறார்கள்.

சேவை என்னவென்றால் இதுதான். அரசு தன் அதிகாரி ஒருவரை, ஆள் பெயரால் அல்லாமல் பதவிப் பெயரால், அறக்கொடைப் பொருளாளராக நியமிக்கிறது. சட்டத்தின் 3ஆம் பிரிவு அவரை ஒற்றை ஆள் கார்ப்பரேஷன் ஆக்குகிறது. அவருக்கென்று தனி முத்திரை உண்டு. அந்தப் பெயரில் வழக்குப் போடலாம், அந்தப் பெயர்மேல் வழக்கும் போடலாம். நாற்காலியில் உட்காருபவர் மாறினாலும், இறந்தாலும், ஓய்வு பெற்றாலும் சொத்து யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்வியே எழாது. உங்கள் பத்திரமோ நிலமோ கட்டடமோ அந்தப் பெயருக்குப் போகிறது. அதோடு அவர் வேலை பெரும்பாலும் முடிந்தது. பரிசு யாருக்கு, படுக்கை யாருக்கு, எந்த மாணவருக்கு எவ்வளவு என்பதில் அவர் தலையிட மாட்டார். தலையிடக் கூடாது என்று 8ஆம் பிரிவே தடுக்கிறது. அவர் வெறும் பெயர்தாங்கி. நிர்வாகம் வேறு ஆட்களிடம்.

இந்த ஏற்பாட்டின் அருமை தெரிய, அதற்கு முன் நன்கொடைப் பணம் எப்படிக் கிடந்தது என்று பார்க்க வேண்டும். கலெக்டரிடமோ பள்ளித் தலைமை ஆசிரியரிடமோ கொடுத்து அரசு கடன் பத்திரமாக வாங்கி வைக்கச் சொல்வார்கள். அந்தக் காலத்துப் பத்திரத்தின் பின்பக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாதியில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி கொடுத்ததைப் பதிய வரிசையாகக் கட்டங்கள். மீதி இடத்தில் கை மாறியதற்கான எண்டார்ஸ்மென்ட், அதாவது கையெழுத்திட்ட மாற்றுக் குறிப்பு. அதிகாரி மாற்றலாகிப் போனால் புதியவர் பெயருக்கு எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஒருவர் கையெழுத்திடாமலே ஊரை விட்டுப் போயிருப்பார். ஒருவர் பதவியைக் குறிப்பிடாமல் தன் பெயரை மட்டும் எழுதியிருப்பார். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் போதும், வட்டி நின்றுவிடும். காகிதத்தில் இடம் தீர்ந்துபோனால் புதுப்பிக்க வேண்டும்; புதுப்பிக்கப் போனால் பழைய எண்டார்ஸ்மென்ட் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் கேட்பார்கள்.

பத்திரம் வேண்டாம், ரொக்கமாகவே கஜானாவில் டெபாசிட்டாகக் கிடக்கட்டும் என்று விட்டவர்களுக்கு வேறு விதமான நஷ்டம். கஜானாக் கணக்கு விதிப்படி, மூன்று முழுக் கணக்காண்டுகளுக்கு மேல் யாரும் கேட்காமல் கிடக்கும் டெபாசிட் பாக்கி மார்ச் மாத முடிவில் காலாவதியாகி அரசு வரவில் சேர்ந்துவிடும். பிறகு கேட்டால் அக்கவுண்டண்ட் ஜெனரலின் அனுமதி வாங்கித்தான் மீட்க வேண்டும். கேட்க ஆள் இருந்தால்தானே மீட்பது? கொடுத்தவர் காலமாகியிருப்பார். பணத்தை யாரும் திருடவில்லை. விதி அதை அமைதியாக விழுங்கிவிட்டது. பொருளாளர் பெயருக்கு மாற்றிய சொத்துக்கு இந்த ஆபத்து இல்லை. அது அரசு அதிகாரியின் கையில் இருந்தாலும் அரசின் வருவாய் ஆகாது. மார்ச் 31 அதை ஒன்றும் செய்யாது.

தனி நிதி என்று பெயர் வைத்துவிட்டாலே பணம் தனியாக இருக்கும் என்று நம்புகிறவர்கள் 1878ஐ நினைவில் வைக்க வேண்டும். சென்னை மாகாணத்தைச் சூறையாடிய 1876–78 பஞ்சத்துக்குப் பிறகு, இனி வரும் பஞ்சத்துக்காக ஆண்டுக்கு 1½ கோடி ரூபாய் ஒதுக்குவதாக லிட்டன் அரசு அறிவித்தது. அதற்கென்று வியாபாரிகள் மீது லைசென்ஸ் வரி உள்ளிட்ட புதிய வரிகளும் வந்தன. ஜனங்கள் அதைப் பஞ்ச நிதி என்றே நம்பினார்கள். கணக்கிலோ அது பட்ஜெட்டில் ஒரு தலைப்பு மட்டும். யார் பெயரிலும் பத்திரம் இல்லை, தனிச் சட்டம் காக்கும் அசல் இல்லை. ஆப்கானியப் போர்ச் செலவு ஏறியதும் ஒதுக்கீடு நின்றது. வரி நிற்கவில்லை. 1900இல் ஜெய்ப்பூர் மகாராஜா மாதோ சிங் பெருந்தொகை கொடுத்து இந்திய மக்கள் பஞ்ச அறக்கட்டளை தொடங்கியபோது, அது இந்த 1890 சட்டத்தின் கீழ் அமைந்தது. பத்திரங்கள் பொருளாளர் பெயரில், நிர்வாகம் தனிக் குழுவிடம், செலவு வருமானத்திலிருந்து. போர் வந்தாலும் நிதிச் செயலாளர் ஒரு பேனாக் கோட்டில் அதை வேறு செலவுக்குத் திருப்ப முடியாது. இரண்டும் பஞ்சத்துக்கான பணம்தான். ஒன்றுக்குச் சொந்தப் பெயர் இருந்தது, மற்றதற்கு இல்லை.

இனி நடைமுறை. முதலில் நோக்கம் சட்டத்துக்குள் வருகிறதா என்று பாருங்கள். ஏழைகளுக்கு உதவி, கல்வி, மருத்துவம், பொதுமக்களுக்குப் பயன்படும் வேறு எந்தக் காரியமும் ஆகலாம். மதபோதனைக்கோ வழிபாட்டுக்கோ மட்டுமே ஆனது ஆகாது. 1863ஆம் ஆண்டின் 20ஆம் சட்டத்தோடு கோயில், மசூதிச் சொத்துகளின் நிர்வாகத்திலிருந்து அரசு விலகிக்கொண்டது. அதே வரம்பை 1890 சட்டமும் மதிக்கிறது. நித்திய பூஜைக் கட்டளையை இங்கே கொண்டுவராதீர்கள். எல்லா ஜாதிப் பிள்ளைகளும் படிக்கும் பள்ளிக்குப் பரிசு என்றால் தடையில்லை. பூஜைக்குப் பாதி, பள்ளிக்குப் பாதி என்று ஒரே தொகையைக் கலந்து எழுதுகிறவர்கள்தான் சிக்கலில் மாட்டுகிறார்கள். இரண்டையும் ஆரம்பத்திலேயே தனித்தனித் தொகையாகப் பிரித்து, பள்ளிக்கானதை மட்டும் கொண்டுவருவது நல்லது.

அடுத்தது, அரசிடம் யார் விண்ணப்பிப்பது. அறக்கட்டளை ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தால் அதை நிர்வகிப்பவர், பலர் இருந்தால் அவர்கள் எல்லாரும் அல்லது பெரும்பான்மையினர். இனிமேல்தான் தொடங்கப்போகிறது என்றால் பணம் கொடுப்பவரே. விண்ணப்பத்தில் இரண்டு கோரிக்கைகள் இருக்கலாம். ஒன்று, 4ஆம் பிரிவின்படி சொத்தைப் பொருளாளர் பெயருக்கு மாற்றும் வெஸ்டிங் ஆர்டர். மற்றது, 5ஆம் பிரிவின்படி நிர்வாக ஸ்கீம், அதாவது வருமானத்தை யார், எதற்கு, எப்படிச் செலவிட வேண்டும் என்று எழுதிய திட்டம். இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். ஆர்டர் கெஜட்டில் வெளியானதும் சொத்து அவர் பெயருக்குப் போய்விடுகிறது; மூலப் பத்திரங்களும் அவரிடம் போக வேண்டும். ஸ்கீம் முதலில் தயாராகிவிட்டாலும், சொத்து மாறும்வரை அது நடைமுறைக்கு வராது.

கடன் பத்திரமாகக் கொடுப்பதென்றால் எல்லா வகையும் ஏற்கப்படாது. 1882ஆம் ஆண்டு டிரஸ்ட் சட்டத்தின் 20ஆம் பிரிவைச் சார்ந்து, பாதுகாப்பானவை என்று சொல்லப்பட்ட வகைகள் மட்டுமே. உங்கள் குடும்பத்துக் கம்பெனிப் பங்கை அப்படியே ஒப்படைக்க முடியாது. விற்று அனுமதிக்கப்பட்ட பத்திரமாக மாற்றிய பிறகே வர வேண்டும். இந்தக் கண்டிப்பைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். நல்லதுதான்; அசல் காணாமல் போகாததற்கு இதுவே பெரிய காரணம்.

கடன் பத்திரத்தையும் மற்றச் சொத்தையும் சட்டம் ஒரே மாதிரி நடத்துவதில்லை என்பதைக் கவனியுங்கள். பத்திரம் என்றால் பொருளாளர் அதற்குத் தனிக் கணக்கு வைத்து, வட்டியை வாங்கி, ஆர்டரிலும் ஸ்கீமிலும் சொன்னபடி கொடுப்பார். நிலம், கட்டடம் என்றால் அனுபவம், வாடகை, பராமரிப்பு எல்லாம் நிர்வாகிகள் கையில்தான். பொருளாளர் பெயரில் இருப்பதாலேயே யாரோ வந்து கூரையைப் பழுது பார்ப்பார்கள் என்று காத்திருந்தால் கூரை விழும். வாடகை வசூல், வரி, பழுது, காலி செய்யாத குடியிருப்பவர் என்று எல்லாத் தலைவலியும் உங்களுடையது. விற்க மட்டும் உங்களால் முடியாது. அரசின் உத்தரவோ நீதிமன்றத் தீர்ப்போ இல்லாமல் அவரும் கைமாற்ற முடியாது.

கட்டடச் சொத்தோடு இந்தச் சேவை நன்றாக வேலை செய்ததற்கு இந்தியாவிலேயே பெரிய சான்று பெங்களூரில் இருக்கிறது. இந்திய அறிவியல் கழகம் தனக்கென்று ஒரு தனிச் சட்டத்தில் பிறக்கவில்லை. 1909 மே 27 அன்று இந்த 1890 சட்டத்தின் கீழ் வந்த வெஸ்டிங் ஆர்டரில் பிறந்தது. ஜாம்ஷெட்ஜி டாட்டா ஒதுக்கிய பம்பாய்ச் சொத்துகள் பொருளாளர் பெயருக்குப் போயின. நிர்வாகம் ஸ்கீமின்படி அமைந்தது. மைசூர் சமஸ்தானம் 371 ஏக்கர் நிலம் கொடுத்தது. டாட்டா யோசனையை அரசின் முன் வைத்தது 1898இல். அவர் 1904இல் காலமானார். ஆர்டர் வர அதன்பின் இன்னும் ஐந்து ஆண்டு. டாட்டா இருந்தபோதே வேதியியலாளர் வில்லியம் ராம்சே வந்து ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். படிக்க மாணவர்கள் வருவார்களா, படித்து முடித்தால் வேலை உண்டா என்று வைஸ்ராய் கர்சனுக்கே சந்தேகம். அரசு எவ்வளவு தரும், யார் ஆள்வது என்ற பேச்சு நீண்டது. சொத்தைப் பெயர் மாற்றுவது கெஜட்டில் ஒரு அறிவிப்பு. அதோடு சேர்ந்த ஸ்கீம்தான் ஆண்டுகளைத் தின்றது. தின்றாலும் வீண் போகவில்லை. கொடுத்தவர் இறந்து ஐந்தாண்டு கழித்துத் தொடங்கிய நிறுவனம் அவர் எண்ணத்தை விட்டு விலகாமல் நின்றதற்கு அந்த ஸ்கீமே காரணம்.

ஆகவே இந்தச் சேவையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு கவனம் ஸ்கீம் எழுதுவதில் இருக்க வேண்டும். பழைய கொடைகள் முடங்கியதைப் பார்த்தால் திரும்பத் திரும்ப ஒரே தவறுகள்தான்.

முதல் தவறு, செலவை ரூபாயில் கட்டிவிடுவது. 4 சதவீதப் பத்திரத்தில் 1,000 ரூபாய் போட்டால் ஆண்டுக்கு 40 ரூபாய். 'ஆண்டுதோறும் 40 ரூபாய் மதிப்புள்ள தங்கப் பதக்கம்' என்று எழுதியாகிவிட்டது. 1894இல் அரசு தன் 4 சதவீதக் கடன்களை 3½ சதவீதமாக மாற்றியது. இப்போது வருவது 35 ரூபாய், அரையாண்டுக்கு 17 ரூபாய் 8 அணா. 5 ரூபாய் துண்டு விழுகிறது. அசலைத் தொட அதிகாரம் இல்லை, பதக்கத்தைச் சிறிதாக்க ஸ்கீமில் இடமில்லை. அந்த ஆண்டு பதக்கம் இல்லை, மறு ஆண்டும் இல்லை. வட்டி மட்டும் குவிகிறது. 'செலவு போக மீதமுள்ள நிகர வருமானத்தில்' என்று எழுதியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. கூடவே, ஓராண்டு கொடுக்க முடியாமல் போனால் மீந்த வட்டியை அசலில் சேர்ப்பதா, அடுத்த ஆண்டு இரண்டு பேருக்குக் கொடுப்பதா என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். இந்த ஒரு வரி இல்லாததால் குவிந்து உறங்கும் வட்டியைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

இரண்டாவது, நிர்வாகிகளை ஆள் பெயரால் போடுவது. ஊரில் மதிப்புள்ள மூன்று பெரியவர்கள் பெயர் எழுதியிருக்கும். இருபது ஆண்டில் மூவரும் இல்லை, வாரிசு நியமனத்துக்கு வழி சொல்லவில்லை. பதவிப் பெயரால் போடுங்கள். அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது: பதவியே மறைந்துபோகலாம். 1884 சட்டத்தில் வந்த தாலுகா போர்டுகள் என்ற உள்ளாட்சி அமைப்புகளைச் சென்னை மாகாணம் 1934இல் ஒழித்தது. 'தாலுகா போர்டு தலைவர் நிர்வகிக்க வேண்டும்' என்று எழுதிய ஸ்கீமில் மறுநாள் காலையில் நிர்வாகி என்று யாரும் இல்லை. பதவிப் பெயருக்குப் பின்னால் 'அல்லது அந்தப் பணிகளை அப்போது செய்யும் அதிகாரி' என்ற சொற்களையும், இரண்டாவது நிர்வாகியாகப் பள்ளித் தலைமை ஆசிரியரையும் சேர்த்தால் ஒருவர் போனாலும் மற்றவர் இருப்பார்.

இது ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், ஸ்கீமைத் திருத்தும் வழி அந்த நிர்வாகிகள் வழியாகத்தான் போகிறது. விண்ணப்பம் வந்து, விண்ணப்பித்தவர் இசைந்தால்தான் அரசு ஸ்கீமை மாற்றும். நிர்வாகி இல்லையென்றால் விண்ணப்பிக்க ஆள் இல்லை. விண்ணப்பம் இல்லையென்றால் திருத்தம் இல்லை. நீதிமன்றத்துக்குப் போகலாமே என்றால், 5ஆம் பிரிவு அந்தக் கதவையும் பெரும்பாலும் அடைக்கிறது. நடைமுறைக்கு வந்த ஸ்கீமுக்கு எதிராகவோ கூடுதலாகவோ எந்த நீதிமன்றமும் உத்தரவு போடக் கூடாது. அந்த ஸ்கீமைப் போட அரசுக்கு அதிகாரம் இருந்ததா என்பதை மட்டும் விசாரிக்கலாம். இந்தக் கவசம் உறவினர் சண்டையிலிருந்து உங்கள் கொடையைக் காக்கும். ஸ்கீம் சரியில்லை என்றால் அதே கவசம் தவற்றையும் காக்கும்.

மூன்றாவது, நோக்கத்தை மிகக் குறுக்கி எழுதுவது. குறிப்பிட்ட பள்ளியின் குறிப்பிட்ட வகுப்பில் குறிப்பிட்ட பாடத்தில் முதல் மதிப்பெண் என்பார்கள். பாடத்திட்டம் மாறும், வகுப்பின் பெயர் மாறும், பள்ளி மூடும். கொடுத்தவர் விருப்பத்துக்கு முடிந்தவரை இடம் தர வேண்டும் என்று சட்டம் அரசைக் கட்டுப்படுத்துகிறது. அந்த விருப்பத்தை இரண்டு வாக்கியமாக எழுதுங்கள்: முதல் விருப்பம் இது, அது நடக்காவிட்டால் அதற்கு நெருங்கிய இது.

எல்லை மாற்றத்தைச் சட்டமே யோசித்திருக்கிறது என்பதையும் பாராட்ட வேண்டும். மாகாண எல்லைகள் மாறினால் ஒரு பொருளாளரிடமிருந்து இன்னொருவருக்குச் சொத்தை மாற்ற 12ஆம் பிரிவு இடம் தருகிறது. 1953இல் ஆந்திரா பிரிந்தபோதும் 1956இல் மாநிலங்கள் திருத்தி அமைந்தபோதும் எழக்கூடிய கேள்விக்கு 1890லேயே பதில் எழுதி வைத்திருந்தார்கள்.

பொறுப்புக் கேட்பதில் இந்தச் சேவை கொஞ்சம் பலவீனமானது. பொருளாளர் வேண்டுமென்றே அசட்டையாக இருந்து நஷ்டம் வந்தால்தான் அவர்மேல் வழக்கு நிற்கும். சாதாரணத் தாமதத்துக்கும் மறதிக்கும் பரிகாரம் கடிதப் போக்குவரத்துதான். வட்டி விகிதம் குறைந்த பழைய பத்திரத்தை நல்ல வட்டிக்கு மாற்றச் சொல்லி அவராக முன்வரவும் மாட்டார். நூறாண்டுக்கு முந்தைய ஆயிரம் ரூபாய் இன்றும் ஆயிரம் ரூபாயாகவே பத்திரமாக இருக்கும். அதன் 35 ரூபாயில் இன்று ஒரு நல்ல நோட்டுப் புத்தகம் வாங்கலாம். வருமானத்தில் ஒரு பங்கை, ஐந்தில் ஒன்றாவது, ஆண்டுதோறும் அசலில் சேர்க்கும்படி ஸ்கீமிலேயே எழுதுவதைத் தவிர இதற்கு மருந்து இல்லை.

மற்ற வழிகளோடு வைத்துப் பார்த்தால்: ஹைகோர்ட் வளாகத்து அஃபிஷியல் டிரஸ்டி, 1913 சட்டப்படி உண்மையான டிரஸ்டியாகவே இருந்து நிர்வாகமும் செய்வார், அதற்குக் கட்டணமும் எடுப்பார். மத நோக்கமும் வியாபாரம் நடத்தும் அறக்கட்டளையும் அவருக்கும் ஆகாது. நிர்வகிக்க நம்பகமான ஆளே கிடையாது என்பவர்கள் அங்கே போகலாம். நீங்களே நடத்த ஆசைப்பட்டால் 1860ஆம் ஆண்டின் 21ஆம் சட்டம் காட்டிய சங்கப் பதிவு வழி எளிது, ஆனால் சங்கத்துக்குள் சண்டை வந்தால் அசலும் ஆடும். எதையும் எழுதி ஒழுங்குபடுத்தாமல் உயிலோடு விட்டுவிடுவது எல்லாவற்றிலும் மோசம். பச்சையப்ப முதலியார் 1794இல் மறைந்தார்; அவர் பணம் அன்றைய சென்னை சுப்ரீம் கோர்ட் வரை போய் ஒழுங்காகி, முதல் பள்ளி திறந்தது 1842இல். இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் இடையில் படிக்காமல் போனார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகும் மத்திய அரசு பெரிய நிதிகளை இந்தச் சட்டத்தில்தான் அமைத்தது: ஆசிரியர் நலனுக்கான தேசிய நிதியம் 1962இல், தேசியச் சிறுவர் நிதி 1979இல், தேசியப் பண்பாட்டு நிதி 1996இல். சிறிய கொடைக்கு, சில ஆயிரம் ரூபாய்க்கு, இந்தச் சேவை பொருந்தாது. கெஜட், ஸ்கீம், தணிக்கை என்று வரும் வேலை அந்தத் தொகையைவிடக் கனமானது. பள்ளியின் பெயரில் ஏற்கெனவே பொருளாளரிடம் ஒரு நிதி இருந்தால் அதோடு சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஒப்படைத்த பிறகு மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. தன் பெயரில் உள்ள எல்லாச் சொத்துகளின் பட்டியலையும் கணக்குச் சுருக்கத்தையும் பொருளாளர் ஆண்டுக்கு ஒருமுறை கெஜட்டில் வெளியிட வேண்டும் என்று 9ஆம் பிரிவு சொல்கிறது. அந்த இதழை வாங்கி உங்கள் நிதியின் வரியைத் தேடுங்கள். பெயர் சரியா, அசல் சென்ற ஆண்டுத் தொகையோடு ஒத்துப்போகிறதா, வட்டி வந்ததா, செலவாகாமல் எவ்வளவு நிற்கிறது என்று நான்கையும் பார்த்து, வித்தியாசம் இருந்தால் அந்த மாதமே எழுதிக் கேளுங்கள். கொடுத்த குடும்பத்தில் ஒருவரும் பள்ளியில் ஒருவரும் இதைச் செய்தால் போதும்.